புருலின் இருபத்தைந்தாவது மார்க்

புருல் பள்ளிக்கூட வண்டி ஓட்ட ஆரம்பித்துப் பதினாறு வருஷம் ஆகிறது. வண்டி ஒருநாளும் தாமதமானதில்லை என்று சொன்னால் பொய். பனிக்காலத்தில் அது வரும்போதுதான் வரும். ஆனால் காலையில் ஏறிய முப்பத்தொரு பிள்ளைகளும் சாயங்காலம் அவரவர் வீட்டு வாசலில் இறங்காமல் இருந்ததில்லை. கணவாய்த் திருப்பத்தில் எவனுக்குக் குமட்டும், எவள் வீட்டில் நேற்றுச் சண்டை, யார் கையுறையைத் தொலைத்துவிட்டு விரல்களைச் சட்டைக்கைக்குள் ஒளித்துக்கொண்டு ஏறுகிறார்கள், எல்லாவற்றையும் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியிலேயே பார்த்துவிடுவாள். அவள் இருக்கைக்குப் பக்கத்தில் எப்போதும் நாலு ஜோடிக் கையுறை உபரியாகக் கிடக்கும்.

நான் அதே பள்ளிக்கூடத்தில் நர்ஸ், அவளுக்குப் பக்கத்து வீடு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவளுக்கு வரவே வராது. அதனால்தான் இருபது வருஷமாக ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் நிம்மதியாகக் காலம் தள்ளுகிறோம். அவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். வாய் நன்றாகவே உண்டு. 'மாட்டேன்' என்ற சொல் மட்டும்தான் அதில் கிடையாது.

இந்த இலையுதிர்காலத்தில் மாவட்டத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறவர்கள் நிறைவான ஆளுமை உடையவர்கள்தானா என்று மனநல நிபுணர் சோதித்துச் சொல்ல வேண்டுமாம். நிபுணராக வந்தவன் எர்மெக். நாரின் நகரத்தில் பிறந்து வளர்ந்தவன், இருபத்தாறு வயசு இருக்கும், குளிரில் காது இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தன. நாற்பது கேள்வி, நாற்பது மார்க், இருபத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. மனுஷி முழுசாக இருக்கிறாளா என்று பார்க்க அவள் வண்டியில் ஒருநாள் ஏறிப் போனால் போதாதா என்று கேட்டேன். அப்படி ஒரு முறை அறிவியலில் இல்லை என்றான்.

பரீட்சையன்று புருல் வாசிக்கிற கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தாள். நான் கேள்வியை வாசிக்க, அவள் சொல்ல, நானே எழுதினேன். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரே ஒரு வரிதான் இடம். முடிவுகளைச் சுயமாக எடுப்பீர்களா என்று முதல் கேள்வி. "எங்க வீட்டுக்காரரைக் கேப்பேன், உன்னைக் கேப்பேன், டயர் கடைக்காரரைக் கேப்பேன். எல்லாரையும் கேட்டுட்டு நான் நினைச்சதைத்தான் செய்வேன்" என்றாள். டயர் கடைக்காரரோடு வரி முடிந்துவிட்டது. நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

உண்மையான வினை அதற்கப்புறம்தான் வந்தது. எங்கள் கிர்கிஸ் பேச்சில் குறிக்கோளுக்கு 'மக்ஸத்' என்று பெயர். புருலின் ஒரே மகன் பெயரும் மக்ஸத்தான். மூன்று வருஷமாக ரஷ்யாவில், யெகாதெரின்பர்கில், கட்டட வேலை செய்கிறான். அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது.

உங்களுக்கு மக்ஸத் உண்டா? உண்டு, ஒன்றே ஒன்று. அது உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறதா? போனில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது. அதை எத்தனை முறை நினைப்பீர்கள்? சாப்பிட உட்காரும்போதெல்லாம். அதை அடைய என்ன செய்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை யெகாதெரின்பர்குக்குக் கூப்பிடுவேன். இப்படி ஏழு கேள்வி. ஏழையும் வரி பிசகாமல் எழுதியவள் நான். படித்தவள் என்று பெயர்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. புருலுக்குப் பதினேழு மார்க். 'பிறரைச் சார்ந்தவர், தன்னம்பிக்கை குறைவு, குறிக்கோள் வெளிநாட்டில்' என்று கீழே குறிப்பு வேறு. மாற்று ஓட்டுநர் குபாத்துக்கு முப்பத்தெட்டு. குபாத் போன வருஷம் வண்டியை வாய்க்காலில் இறக்கியவன். வாய்க்கால்தான் இடம் மாறிவிட்டது என்று இன்றுவரை சாதிக்கிறான். தன்னம்பிக்கை என்றால் அதுதான். திங்கள்கிழமையிலிருந்து வண்டி அவனுக்கு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

புருல் அதைப் படித்துவிட்டு வண்டிக்குப் போய்க் கையுறைகளை எடுத்து ஒரு பையில் போட்டாள். நான் நேரே எர்மெக்கிடம் போய், மறுநாள் மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்து நேரில் பேசாவிட்டால், அவனுக்கு ஊசி போடுகிற நாள் வரும்போது நான்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தான். புருலின் புருஷன் அசன்குல் விரிப்பை விரித்தார். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக், பாலாடை, ஆப்ரிகாட் ஜாம், ரொட்டி. புருல் கிண்ணத்தில் கால்வாசி டீ ஊற்றி நீட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால்தான் விருந்தாளி நெடுநேரம் உட்கார வேண்டும் என்று அர்த்தம். விளிம்புவரை நிரப்பினால் எழுந்து போ என்று அர்த்தம். புதுப்பெண்ணாக வந்த வருஷம் நான் கவனமில்லாமல் கொழுந்தனாருக்கு ஒரு கிண்ணம் நிரப்பிவிட்டு, ஒரு வருஷம் அவர் பேச்சில்லாமல் கிடந்தேன்.

நாலாவது கால்கிண்ணத்தில் எர்மெக் காகிதத்தை எடுத்தான். யெகாதெரின்பர்குக்கு எப்போது குடியேறப் போகிறாள் என்று கேட்டான்.

"நான் எதுக்குப் போறேன்? அவன்தான் வசந்தத்துல வர்றான்" என்றாள் புருல்.

அசன்குல் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். தொப்பி போட்ட நெட்டையன் ஒருவன் அதில் இளித்துக்கொண்டிருந்தான். "இதுதான் மக்ஸத். இருபத்தஞ்சு வயசு. பொண்ணு ஏதும் தெரிஞ்சா சொல்லுங்க" என்றார்.

எர்மெக் என்னைப் பார்த்தான். நான் ஜாமைப் பார்த்தேன். அப்புறம் அவன் பேனாவைத் திறந்து, பையனை விட்டுவிட்டு, அவளுக்கு என்று வாழ்க்கையில் ஒரு குறிக்கோள் உண்டா என்று மறுபடியும் கேட்டான்.

"காலைல ஏத்தின முப்பத்தொண்ணையும் சாயங்காலம் இறக்கணும். அஞ்சரை மணிக்கு அது நிறைவேறிடும் தம்பி. மறுநாள் காலைல திரும்ப ஏறிக்கும்" என்றாள் புருல்.

எர்மெக் ஏழு மார்க்கையும் போட்டான். இருபத்துநாலு. அசன்குல் விரலை விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தார். அப்போதும் இருபத்துநாலுதான். முதல் கேள்வியில் நான் பாதியில் விட்டதைச் சொல்லிப் பார்த்தேன். நினைத்ததைச் செய்கிறவர் எதற்கு நாலு பேரைக் கேட்க வேண்டும் என்று அதற்கு மட்டும் அவன் மசியவில்லை.

இனித் திருத்த வழியிருந்தது ஒரே ஒரு கேள்வியில்தான், 'உங்களால் மறுத்துப் பேச முடியுமா?' அதற்கு 'முடியாது' என்று நானே எழுதியிருந்தேன். முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் திருத்திவிடுகிறேன் என்று எர்மெக் கெஞ்சாத குறையாகச் சொன்னான். பொய் சொல்ல முடியாது என்று புருல் தலையசைத்தாள். கிட்டத்தில் இருந்திருந்தால் காலை மிதித்திருப்பேன். விரிப்பின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப ஒரு வழி இருக்கு அக்கா. மறுத்துப் பேசறதுக்கு நாரின்ல பயிற்சி தர்றோம். பத்து வாரம் வந்து கத்துக்குங்க. அதுவரைக்கும் குபாத் அண்ணன் ஓட்டட்டும்."

புருல் கை நீட்டி அவன் கிண்ணத்தை வாங்கினாள். டீயை ஊற்றினாள். கால்வாசி தாண்டியது, பாதி தாண்டியது, நிறுத்தவில்லை. விளிம்பில் தளும்ப நிரப்பி, ஒரு சொட்டுச் சிந்தாமல் அவன் முன்னால் வைத்தாள். அசன்குல் சட்டென்று கூரையில் எதையோ தேட ஆரம்பித்தார். இருபது வருஷத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

எர்மெக்கின் காது இரண்டும் மறுபடி சிவந்தன. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் காகிதத்தில் 'முடியாது' என்பதை அடித்துவிட்டு ஒரு மார்க் போட்டு, கையெழுத்தும் போட்டான். சுடச்சுட அந்தக் கிண்ணத்தைக் குடித்து முடித்து, ரொட்டியில் ஒரு துணுக்கு பிட்டு வாயில் போட்டுக்கொண்டு எழுந்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வாசலில் காலணி மாட்டும்போதுதான், நாரினுக்குக் கடைசி வாடகைக் கார் போய்விட்டது அவனுக்கு நினைவு வந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, கொஞ்சம் கொண்டுபோய் விடறீங்களா?"

"மாட்டேன்" என்றாள் புருல்.

அவன் முகம் செத்துவிட்டது. நானே ஒரு கணம் பயந்துபோனேன். அதற்குள் அவள் கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்திருந்தாள்.

"மார்க் போட்டாச்சில்ல, ஒருதரம் சொல்லிப் பாத்தேன் தம்பி. ஏறு வண்டில. நாப்பது கிலோமீட்டர், உனக்குக் குமட்டுமா?"