அம்மா அடிக்கச் சொன்ன வரி

எங்கள் பெரியப்பா ஒரு காலத்தில் முதல் எதிரியாக இருந்தார். நானாக வைத்த பெயரில்லை, போலீஸ் காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. அவருடைய மகன், எனக்கு அண்ணன், இரண்டாம் எதிரி. புகார் கொடுத்தவர் என் அம்மா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான் தூரம்.

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. கரண்டு போன நேரம் யார் கணக்கில் சேரும் என்பதை மட்டும் தாத்தா சொல்லாமல் போய்விட்டார். அவர் காலத்தில் மாடு கட்டிக் கமலை இறைத்தார்கள், அவருக்கு அந்தக் கவலை இல்லை.

எங்கள் முறையில் ஒருநாள் மூன்று மணி நேரம் கரண்டு இல்லை. மறுநாள் காலை அம்மா மோட்டாரை நிறுத்தாமல் மரவள்ளிக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். பெரியப்பா கேட்டார், அம்மா பதில் சொன்னாள், வார்த்தை தடித்தது. அண்ணன் அம்மாவைத் தள்ளிவிட்டான். பெரியப்பா கையிலிருந்த மண்வெட்டிக் காம்பு அம்மாவின் இடது முழங்கையில் விழுந்தது. விழுந்தது என்பது பெரியப்பா வீட்டார் சொல்வது. அம்மா, அடித்தார் என்றுதான் சொல்வாள்.

அப்பா அப்போது பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அவர் வரட்டும் என்று அம்மா காத்திருக்கவில்லை. முந்தானையில் கையைத் தூளிபோல் கட்டிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறிப் போய்ப் புகார் கொடுத்தாள். ஊரே வாயைப் பிளந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, பெரிய நஷ்டமும் வந்தது. பெரியப்பா மகள் என் வயதுக்காரி. அவள் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போவேன். புகாருக்குப் பிறகு நடை.

இரண்டு வருஷம் நடந்தேன். வழக்கும் வாய்தா வாய்தாவாக நடந்தது. அதற்குள் அண்ணன் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதி, ஓட்டத்திலும் தேறிவிட்டான். எந்தப் போலீஸ் முன்னால் எதிரியாக நின்றானோ அந்த உத்தியோகத்துக்கே ஆள்! ஆனால் பெயரில் வழக்கு இருந்தால் வேலை கிடைக்காது. பெரியம்மா எங்கள் வாசலில் வந்து அழுதாள். அம்மா முழுசாகக் கூடக் கேட்கவில்லை.

“அழுவாதீங்கக்கா. அவன் நம்ம வூட்டுப் பையன். கேஸ முடிச்சிக்கலாம்.”

கரண்டு போன நேரத்தை மறுநாள் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று கிணற்றுத் தகராறும் அன்றே தீர்ந்தது. ஆனால் எங்களுக்குள் சமாதானமாகிவிட்டால் வழக்கு தானாக முடிந்துவிடாது என்றார் கள்ளக்குறிச்சி வக்கீல். இரண்டு தரப்பும் சென்னை ஐகோர்ட்டுக்குப் போக வேண்டும், அம்மா நேரில் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் கையெழுத்து. வக்கீல் ஆபீசில் ஒரு பெஞ்சில் பெரியப்பாவும் அண்ணனும், எதிர்ப் பெஞ்சில் நானும் அம்மாவும். வக்கீல் நீட்டிய காகிதத்தை அம்மா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். பரிசு வாங்கப்போகிறவள்போல் எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். ‘தவறான புரிதலின் காரணமாக மேற்படி புகாரைக் கொடுத்துவிட்டேன்’ என்ற இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னாள்.

“அப்டின்னா இன்னாங்க?”

“எல்லாருக்கும் வழக்கமா போடற வரிதாம்மா” என்றார் வக்கீல்.

“நான் எதையும் தப்பா புரிஞ்சிக்கலீங்க. அடி வாங்கனேன், புகார் குடுத்தேன். அந்த வரிய அடிச்சிடுங்க.”

“அடிச்சா வேற மாதிரி கேள்வி வரும்மா. தம்பி வேலை சமாச்சாரம்.”

பெரியப்பா தரையைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைக்கு எட்டிய சைக்கிள் இந்த ஒரு வரியால் போகப்போகிறதே என்று அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அண்ணன்தான் பேசினான்.

“சித்தி சொல்றது கரெக்டுதாங்க. தள்ளனது நான். அந்த வரிய எடுத்துடுங்க.”

வக்கீல் பேனாவால் அந்த வரியை அடித்தார். அதன் பிறகுதான் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

சென்னைக்கு எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். உளுந்தூர்பேட்டையில் பெரியப்பா எனக்கு ஒரு பன் வாங்கி நீட்டினார். எதிரியிடம் பன் வாங்கலாமா என்று அம்மாவைப் பார்த்தேன். தலையாட்டினாள். சாப்பிட்டேன்.

கோர்ட்டில் எங்கள் முறை வந்தபோது அம்மா முன்னால் போய் நின்றாள். நல்லவேளை, ஜட்ஜ் தமிழில்தான் கேட்டார்.

“யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களாம்மா?”

“இல்லீங்க.”

“பொய்ப் புகாரா?”

எங்கள் வக்கீல் இருமினார். அம்மா அவர் பக்கம் பார்க்கவேயில்லை.

“அடிச்சது நெஜங்க. கை ஒடிஞ்சது நெஜங்க. இப்ப வேணாம்னு சொல்றதும் நெஜந்தாங்க. பையன் வேலைக்குப் போவணும், எங்க வூட்டுப் பையன்.”

கறுப்புக் கோட்டுகள் எல்லாம் ஒருமுறை திரும்பி அம்மாவைப் பார்த்தன. அவள் என் அம்மா என்று ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஜட்ஜ் பெரியப்பாவைக் கேட்டார். “ஆமாங்கய்யா, தப்புதாங்க” என்று அவர் கைகூப்பினார். ஐந்து நிமிஷத்தில் வழக்கு ரத்து.

சில வாரம் கழித்து உத்தரவின் நகல் வந்தது. மூன்று பக்கம், முழுக்க இங்கிலீஷ். மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“நான் சொன்னது இதுல இருக்குதா பாரு.”

நான் ஏழாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எங்கள் பெயர்களைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. வெளியே பெரியப்பா மகள் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசிப் பக்கத்தில் ஏதோ ஒரு வரியில் விரலை வைத்தேன்.

“தோ இருக்குதும்மா.”

“இன்னா போட்டுக்கீது?”

“அடிச்சது நெஜம்னு.”

அம்மா மஞ்சள் விரலால் அந்த வரியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு காகிதத்தை மடித்துப் பெட்டிக்குள், புடவைகளுக்கு அடியில் வைத்தாள். நான் ஓடிப்போய்ச் சைக்கிளில் ஏறிக்கொண்டேன்.

அண்ணன் இப்போது போலீஸ்காரன். லீவில் வந்தால் முதலில் சித்தியைப் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் போவான். அம்மாவின் இடது கை இன்றும் முழுசாக மடங்காது. போன பொங்கலுக்குப் பெட்டியைத் துடைத்தபோது அந்தக் காகிதம் கையில் வந்தது. இப்போது எனக்கு இங்கிலீஷ் தெரியும். மஞ்சள் கறை படிந்த வரியை மனசுக்குள் தமிழாக்கிப் படித்தேன். ‘இவ்வழக்கை மேலும் நடத்துவதால் பயன் ஏதுமில்லை.’ அடித்தது, கை ஒடிந்தது, எதுவும் அந்த மூன்று பக்கத்தில் எங்கேயும் இல்லை.

“அதேதான? படி, கேப்போம்” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

அன்று ஒரு சைக்கிள் மணிக்காகச் சொன்ன பொய் அது. அதை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் முருங்கை மரத்தைத் தாண்டி, தலை நிமிர்ந்து, பெரியப்பா வீட்டுக்குப் போய் வரப்போகிறாள் என்பது பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எழுந்து நின்று, அன்று வக்கீல் ஆபீசில் படித்த அதே சத்தத்தில், “அடிச்சது நெஜம்” என்று படித்தேன்.