முப்பிடாதி வாங்கிய கூரை

கூரை ஷீட் வாங்கப் போகிறவர்கள் அளவு குறித்துக்கொண்டு போவார்கள். முப்பிடாதியம்மாள் ஒரு தூக்குவாளி நிறைய ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு போனாள். தாராவி மெயின் ரோட்டில் கரும்புச்சாறு வண்டிக்காரனிடம் வாங்கிய ஐஸ். உடைத்துத் தரட்டுமா என்று அவன் இந்தியில் கேட்டான். "சோட்டா படா தோனோ தோ பையா" என்றாள். சின்னதும் வேண்டும், பெரிதும் வேண்டும். பின்னால் வந்த அவள் புருஷன் பூலோகம், தனக்கும் இந்த வாளிக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐஸ் எதற்கு என்று சொல்வதற்கு முன்னால் முப்பிடாதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து பார்வையைக் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி யாராவது 'உச்சு' கொட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆகவே நாமும் கொட்ட வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், பிறந்ததும் வளர்ந்ததும் தாராவி. லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஹேர்கிளிப்பும் சேஃப்டி பின்னும் விற்கிறாள். வண்டி குர்லாவுக்குள் நுழைகிறதா சயானுக்குள் நுழைகிறதா என்று தண்டவாளச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். எந்தப் பெண்மணி வாங்கப் போகிறாள், எவள் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடப் போகிறாள் என்பது கூட வளையல் சத்தத்தில் தெரியுமாம். இது கொஞ்சம் அளப்பு என்று எனக்குப் படுகிறது. ஆனால் அவளிடம் நேரில் சொல்லிப் பார்க்க நமக்குத் துணிச்சல் கிடையாது.

பூலோகத்துக்கு ஒரு தோல்பைப் பட்டறையில் கட்டிங் வேலை. வாடகை அறையில் காலம் தள்ளியது போதும் என்று கல்யாணுக்கு அப்பால், முர்பாடு போகும் சாலையில், கையகல இடம் ஒன்று வாங்கினார்கள். நான்கு சுவர் எழும்பியது. மேலே தற்காலிகமாகத் தகர ஷீட் போட்டுக் குடியேறினார்கள். மும்பைக்காரர்கள் பத்ரா என்று சொல்வார்களே, அந்தத் தகரம்தான்.

அந்தப் பக்கத்தில் கோடை முற்றினால் ஆலங்கட்டி விழும் என்பது இடம் விற்றவன் சொல்லாமல் விட்ட விஷயங்களில் ஒன்று. தாராவியில் வளர்ந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? அங்கே மேலேயிருந்து விழுந்தால் அது அடுத்த மாடிக்காரன் கொட்டுகிற பாத்திரம் கழுவிய தண்ணீராகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். முதலில் டொக்கென்று ஒன்று விழுந்தது. பிறகு நாலைந்து. பிறகு வானமே பிய்த்துக்கொண்டு விழுந்ததுபோல ஒரே இரைச்சல். குழம்பு கொதிக்கிறதா என்று கேட்கவில்லை. ஃபேன் ஓடுகிறதா என்று தெரியவில்லை. கையை நீட்டினாள், சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இல்லை. ஓரடி தள்ளி வந்துவிட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் தன் வீட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழித்தது அவள் ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை. அந்த நேரம் பார்த்து யாரோ தோளைத் தொட்டார்கள். முப்பிடாதி யோசிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியால் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

வந்தது பூலோகம். நெற்றி புடைத்துவிட்டது. மழை விட்டதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதிய. தாராவிச் சந்துல எத்தனை பேரு நடந்தாலும் உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தனியாத் தெரியும். இன்னைக்கு நீங்க வீட்டுக்குள்ள வந்து பக்கத்துல நின்னதே தெரியலை. வேற எவனாவது வந்திருந்தா?"

பூலோகத்தின் சிரிப்பு நின்றது. அவன் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். அவளோ கூட்டம் குறைந்த நேரத்தில் மட்டும் ரயிலுக்குப் போய்விட்டு மீதி நேரமெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவள்.

"கேட்டுக்கோங்க. என்ன விழுந்தாலும் அடியில நின்னு எனக்குக் காது கேக்கணும். அப்படி ஒரு கூரை போட்டா இங்க இருக்கேன். இல்லன்னா நாளைக்கே தாராவிக்குப் பெட்டியைத் தூக்குதேன்."

சொன்னால் செய்கிறவள். பூலோகத்துக்கோ அந்த வீடு கண்ணுக்குக் கண். செங்கல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து இறக்கியவன்.

கூரை என்று வாயைத் திறந்ததும் ஊரே யோசனை சொல்ல வந்துவிட்டது. கான்கிரீட் போடலாமே என்றார்கள். இந்தச் சுவர் தாங்காது என்று மேஸ்திரி கையை விரித்தார். சிமெண்ட் ஷீட் சத்தம் போடாது என்றார்கள். பக்கத்து வீட்டு மராத்தி அக்கா சுமன் தாயி போட்டிருந்தது சிமெண்ட் ஷீட்தான். அது சத்தம் போடவில்லை, உண்மை. இந்த ஆலங்கட்டியில் சத்தம் போடாமல் உடைந்து, வீட்டுக்குள் இருந்தபடியே வானம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. ஓடு போடலாம் என்று ஒருவர் சொன்னார். அவர் அந்தப் பக்கத்துக் குரங்குகளை மறந்துவிட்டார். பூலோகத்தின் கட்சி வேறு: தகரம் நசுங்குமே தவிர உடையாது, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தகரம் போட்டால் வேலை முடிந்தது. "ரெண்டு மேளம் சேந்து அடிச்சா சத்தம் குறையுமோ?" என்று முப்பிடாதி கேட்டாள். அந்தக் கட்சி அதோடு கலைந்தது.

கடைசியில் கேட்டுத்தான் வாங்குவது என்று முடிவு செய்தாள். யாரிடமும் அல்ல, ஷீட்டிடமே கேட்டு. அதற்குத்தான் ஐஸ்.

தாராவியில் கரீம் பாட்சாவின் ஷீட் கடை பழைய கடை. அவரும் நம்மூர்ப் பக்கம்தான். முப்பிடாதியைப் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து தெரிந்தவர், ஆனால் வியாபாரம் என்று வந்துவிட்டால் வாய் தானாக ஓடும்.

"வா தங்கச்சி. புதுசா கலர் ஷீட் வந்திருக்கு. செங்கல் கலரு, பச்சை, வானநீலம். நீலம் எடுத்துக்கோ, பாக்கவே குளுகுளுன்னு இருக்கும்."

"நீலத்துல எனக்கு எந்த நீலம் பாய் பிடிக்கும்?"

பாட்சா நாக்கைக் கடித்துக்கொண்டார். முப்பிடாதி சிரித்து அவரைக் காப்பாற்றினாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். ஷீட்டைச் சாய்த்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவள் அதன் அடியில் உட்காருவாள். மேலே பரணில் நின்று பூலோகம் ஐஸை வீச வேண்டும். பாட்சா பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

"என்ன பேச?"

"என்னத்தையாவது. உங்களுக்குப் பேச்சுக்கா பஞ்சம்?"

ஷீட் வாங்க வந்தவர்கள், பிளைவுட் வாங்க வந்தவர்கள், ஒன்றுமே வாங்க வராதவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். முதலில் தகரம். பாட்சாவின் வாய் அசைந்தது, சத்தம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்து சிமெண்ட் ஷீட். பேச்சு நன்றாகவே கேட்டது. ஆனால் பூலோகம் உற்சாகத்தில் பெரிய கட்டியாகப் பார்த்து ஓங்கி எறிந்ததில் ஷீட் ஓரத்தில் விரிசல் விட்டுவிட்டது. "யா அல்லா, ஏற்கெனவே கீறல் இருந்திருக்கும்" என்று பாட்சா அவசரமாகச் சொன்னார். பிளாஸ்டிக் ஷீட்டை அவரே ஒதுக்கிவிட்டார். இரண்டு கோடை வெயில் பட்டால் அப்பளம் ஆகிவிடும் என்று அவர் வாயாலேயே வந்தது. கடைசியில், இரண்டு தகரத்துக்கு நடுவில் நுரைப்பஞ்சு வைத்து ஒட்டிய தடித்த பலகை ஒன்றைத் தூக்கிவந்தார்கள். பஃப் பேனல் என்று பெயர். பூலோகம் வாளியில் மிச்சமிருந்த அத்தனையையும் கவிழ்த்தான். அடியிலோ, பாட்சா தன் மருமகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"இதுதான் பாய்" என்று எழுந்தாள் முப்பிடாதி. "அதோட, உங்க மருமவன் பண்ணுனதுல ஒரு தப்பும் இல்லை."

பேனல் வந்து இறங்கியது. கூரை ஏறியது. அதோடு விட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பூலோகத்துக்கு ஆசை அடங்கவில்லை. பெண்டாட்டி எங்கேயும் போய்விடக் கூடாதே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அவளுக்குத் தெரியாமல் தெர்மோகோல் வாங்கிவந்து, அடியில் இன்னொரு தட்டாக அடித்துவிட்டான். வீட்டுக்குள் நுழைந்தவள் நின்று கேட்டாள். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. அடுப்பின் சிறு சீறல் கேட்டது. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தது. கொடியில் காயப்போட்ட துணி அடிக்கடி நனைந்தது. மழை பெய்வதே தெரிந்தால் அல்லவா எடுப்பதற்கு? சுமன் தாயி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினால்தான் உண்டு. முப்பிடாதி இதைப் பூலோகத்திடம் மூச்சு விடவில்லை. ஐஸ் வாளியோடு கடை ஏறித் தானே தேர்ந்தெடுத்த கூரை. இப்போது குறை சொன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அடுத்த கோடையில்தான் வேஷம் கலைந்தது. பின்பக்கத்து மனையில் யாரோ வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரன் வந்து நேரங்கெட்ட நேரத்தில் ஜல்லி கொட்டுவான், பாதி இவர்கள் மனைக்குள் உருண்டு வரும். அன்றைக்கு அவள் பூ கட்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில் பொலபொலவென்று ஒரு சத்தம். வந்துவிட்டானா பாவி என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு பின்கதவைத் திறந்து வெளியே இறங்கினாள்.

"ஏய், யாருடே அங்க ஜல்லி கொட்டுதது? உனக்கு வேற எடமே கெடைக்கலையா?"

ஜல்லி அவள் தலையிலேயே விழுந்தது. ஒன்று, இரண்டு, பத்து. ஐந்தாறு ரயில் பெட்டிக்குக் கேட்கிற குரல் அவளுடையது, அதில் பாதியை மராத்தியிலும் பாதியைத் தமிழிலும் செலவழித்து லாரிக்காரனைத் திட்டியபடி நின்றாள். கழுத்துக்குள் விழுந்து ஜில்லென்று உருகிய பிறகுதான் விஷயம் புரிந்தது. சுமன் தாயி தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, "காரா, காரா!" என்று அலறி அவளை உள்ளே இழுத்துப் போட்டாள். மராத்தியில் ஆலங்கட்டிக்கு அதுதான் பேர்.

ராத்திரி பூலோகம் வந்தபோது அவள் தலையில் துணி கட்டியிருந்தாள். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு அவளுக்கு மூச்சிலேயே தெரிந்தது.

"சிரிச்சுத் தொலைங்க" என்றாள். பிறகு தலைத்துணியை அவிழ்த்து உதறினாள். "முந்தி வீட்டைத் தொலைச்சேன். இப்ப ஊரைத் தொலைச்சுட்டு உக்காந்திருக்கேன். வெளிய என்ன நடக்குன்னே தெரியலைங்க. பொட்டிக்குள்ள போட்டு மூடுன மாதிரி இருக்கு. இது நானே புடிச்சு வாங்குனது, யாரைக் குத்தம் சொல்ல?"

பூலோகம் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். அவன் மிகப் பெரிய யோசனைக்காரன் இல்லை. ஆனால் அன்றைக்கு என்னவோ சரியாக வந்தது.

"மொதல்ல உனக்குச் சொல்லாம நான் அடியில அடிச்ச தெர்மோகோலைப் பிடுங்குதேன். அதோட, பின்னால துணி துவைக்கிற எடத்துக்கு மட்டும் தகரம் போடுவமா? வீட்டுக்கு மேல இல்லை, வெளிய. மழை வந்தா அது சொல்லும். கதவைச் சாத்துனா சத்தம் உள்ள வராது."

முப்பிடாதி அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். நம் ஆள்தானா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுபடியும் பாட்சா கடை. இந்த முறை ஐஸ் இல்லை, விரல் முட்டியாலேயே தட்டிப் பார்த்தாள். இருப்பதிலேயே மெல்லியதாக, இருப்பதிலேயே அதிகமாகக் கத்துவதாக ஒரு பத்ரா வேண்டும் என்றாள். பாட்சா இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு கிராக்கியைப் பார்த்ததில்லை. "கத்துறதுக்குன்னு தனியா ஸ்டாக் இல்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கோடை முடிவதற்குள் இன்னொரு ஆலங்கட்டி மழை வந்தது. பின்னால் தகரத்தில் டொக்கென்று முதல் கட்டி விழுந்ததுமே முப்பிடாதி எழுந்துவிட்டாள். கொடியிலிருந்த துணியை அள்ளிக்கொண்டு பின்கதவைச் சாத்தினாள். வெளியே தகரம் ஆடித் தீர்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அது பக்கத்து வீட்டு மிக்ஸி அளவுக்குத்தான் வந்தது. முன்னறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து காதைக் கொடுத்தாள்.

சாலையில் யாரோ ஓடி வருகிறார்கள். ஒருவர் இல்லை. ஒரு செருப்பு வார் அறுந்து தரையில் அடிக்கிறது. இன்னொருவர் கால் கனத்த கால், வயதான பெண்ணாக இருக்கும். கூடவே ஒரு குழந்தை அழுகிறது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள்தான். அங்கே மேலே ஒதுங்க ஒரு துண்டுக் கூரை கிடையாது.

முப்பிடாதி முன்கதவை அகலத் திறந்தாள். வாசலில் நின்று, ரயில் பெட்டியில் பழகிய குரலில், "இக்கடே யா! இக்கடே!" என்று கூப்பிட்டாள். இந்தப் பக்கம் வாங்க, வாசல் இங்கே இருக்கு என்று அவர்கள் படியேறும்வரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

எல்லாரும் உள்ளே வந்ததும் அவள் துண்டு எடுத்துக் கொடுத்து, குழந்தைக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுத்தபோது போன் அடித்தது. கல்யாண் பஸ் ஸ்டாண்டிலிருந்து பூலோகம்.

"ஏ பிள்ள! அங்க கட்டி மழையாம்லா! பயப்படாத. உக்காந்த எடத்துலயே இரி. யாரு வந்தாலும் கதவைத் திறக்காத!"

"திறந்தாச்சு" என்றாள் முப்பிடாதி. "மூணு பேரு வந்திருக்காவ. டீ போடணும், வரும்போது பாலு வாங்கிட்டு வாங்க."