நடைக்கோழித் தீவில் ஓர் எலி

படகுத்துறைச் சாமான் கொட்டகையில் அவளை எல்லோரும் ‘செக்கிங் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு முன் பதினைந்து வருடம் ஐஸ் கம்பெனியில் மீன் தரம் பிரித்தவள். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பது நேற்றைய மீனா, முந்தாநாள் மீனா என்று சொல்லிவிடுகிற மூக்கு. அந்த மூக்குக்காகத்தான் வனத்துறை வேலை கொடுத்தது என்று அவள் கணவர் பெருமையடித்துக்கொள்வார். அவருக்குக் கடைத்தெருவில் தையல் கடை.

படகில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு வானிலை நிலையம், நாலு ஊழியர்கள், மற்றதெல்லாம் காடு. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவை அந்தக் காட்டில் உண்டு. நடைக்கோழி என்பார்கள். இறக்கை பேருக்குத்தான், பறக்க வராது. தரையில் முட்டையிடும். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்திறங்கிய எலிகள் முட்டைகளைத் தின்று தீர்த்ததில் கடைசியாக முப்பத்தொரு பறவைதான் மிஞ்சியது. நாலு வருடம் படாத பாடுபட்டு எலிகளை ஒழித்தார்கள். பறவைகள் மெல்ல முந்நூறைத் தாண்டின. மறுபடி ஓர் எலிகூட அங்கே கால் வைக்கக் கூடாது என்பதற்காக, தீவுக்குப் போகிற ஒவ்வொரு மூட்டையையும் அக்கா பிரித்து, உதறி, முகர்ந்து பார்த்துத்தான் விடுவாள். ஆறு வருடமாக அதுதான் வேலை. ஆனால் தீவுக்கு அவள் போனதில்லை. நடைக்கோழியைச் சுவரொட்டியில் பார்த்ததோடு சரி.

வாரம் இரண்டு முறை அந்தப் படகை ஓட்டியவன் அவளுடைய சொந்தத் தம்பி. ஒருநாள் காலையில் கடல் கொந்தளிக்கத் தொடங்கியிருந்தது. கிளம்புகிற அவசரத்தில் ஒரு பெரிய மெத்தைச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தான். நிலையத்துச் சமையல்காரருக்கு முதுகுவலியாம்.

“பிரிடா, பாக்கணும்.”

“அக்கா, சுத்தி வச்சுத் தச்சிருக்கு. மாமா கடையில ஒரு வாரமாக் கிடந்து, அவரே தச்சுக் குடுத்தது. நம்ம வீட்டுச் சாமான்கா. அலை ஏறுது பாரு.”

அவள் மேலே நாலு தட்டுத் தட்டினாள். குனிந்து முகரவில்லை. “சரி, போ” என்றாள்.

பன்னிரண்டாம் நாள் தீவிலிருந்து போன் வந்தது. அங்கே தங்கியிருந்த பறவை ஆராய்ச்சிப் பெண் பேசினாள். எலி நடமாட்டம் தெரிவதற்காகக் குழாய்க்குள் மை தடவி வைத்திருந்த அட்டையில் கால் தடம் விழுந்திருக்கிறதாம். முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் ஐந்து. எலியேதான்.

அக்கா போனை வைத்தாள். நேரே கணவரின் கடைக்குப் போய், மெத்தை கிடந்த மூலையில் மண்டியிட்டு மூக்கை வைத்தாள். எலி நாற்றம், சந்தேகமே இல்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவரும் வந்து குனிந்து பார்த்தார்.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இருந்தும் அன்று மதியமே அதிகாரியின் மேசை முன்னால் போய் நின்றாள்.

“நான்தான் சார் பாக்காம விட்டேன். தம்பி கொண்டுவந்ததுன்னு விட்டுட்டேன். வேலைய விட்டுத் தூக்கறதுன்னா அப்புறம் தூக்குங்க. முதல்ல என்னை அங்க அனுப்புங்க. அதப் புடிக்கணும்.”

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். பிறகு, “எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றார்.

தம்பிக்குக் கோபம். விசாரணை முடியும்வரை தீவுப் படகை வேறொருவர் ஓட்டும்படி ஆகிவிட்டது. “கூடப் பொறந்தவளே போட்டுக் குடுத்துட்டாளே” என்று வீட்டுப் பக்கம் வருவதையே விட்டான்.

தீவில் இறங்கிய முதல் நாள், அவள் ஒரு மரத்து வேரில் உட்கார்ந்து செருப்பில் புகுந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். புதரிலிருந்து ஒரு நடைக்கோழி சாவகாசமாக வந்தது. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. செருப்பு வாரை ரெண்டு கொத்துக் கொத்திவிட்டுத் தன் வழியே போனது. பயம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியவில்லை.

அறுபது பொறிப் பெட்டிகளைக் காடெங்கும் வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் அறுபதிலும் இரை காலி. அத்தனையும் நண்டுகளின் கைவரிசை. “இதுங்களுக்குத்தான் விருந்து வைக்கிறோம் போல” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பெட்டிகளை வழுக்கும் பிளாஸ்டிக் குழாய்களின் மேல் தூக்கி நிறுத்தினார்கள். நண்டு ஏற முடியாது. பக்கத்துக் கிளையிலிருந்து எலி தாவலாம். அது தாவவில்லை. காட்டில் பழமும் விதையும் கொட்டிக் கிடக்க, பெட்டிக்குள் வர அதற்கு என்ன தலையெழுத்தா?

“பொட்டையா இருந்து, வரும்போதே சினையா இருந்திருந்தா?” என்று ஒருநாள் அக்கா கேட்டாள்.

“மூணு வாரத்துல குட்டி போட்டுடும்கா. அப்புறம் நம்ம கையில இல்ல” என்றாள் ஆராய்ச்சிப் பெண். எலி வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

அக்கா யோசித்தாள். வயிற்றில் குட்டியோடு இருக்கிறது தீனியைவிடப் படுக்க இடம்தானே தேடும்? சமையல்காரரின் அறைக்குப் போய் மெத்தையின் அடிப்பக்கத்தைத் தடவினாள். ஓரத்தில் கையகல ஓட்டை. உள்ளே எலி குடைந்து படுத்திருந்த இடத்துப் பஞ்சை, அதன் நாற்றத்தோடு அள்ளினாள். பெட்டிக்கு ஒரு பிடியாகத் திணித்துவைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில், ஓடையோரப் பெட்டியில் எலி செத்துக் கிடந்தது. ஆராய்ச்சிப் பெண் அறுத்துப் பார்த்தாள். உள்ளே ஏழு குட்டிகள்.

அவள் கைதட்டிச் சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அது என்ன பண்ணும், பாவம். மெத்தையா இருக்கேன்னு படுத்துச்சு. ஏத்திவிட்டது நான்தானே” என்றாள். அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு ஆறு மாதம் அட்டைகளில் ஒரு தடமும் விழவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்ததோடு அதிகாரி விட்டுவிட்டார். தம்பிக்குப் படகு திரும்பக் கிடைத்தது. முதல் நாள் அக்காவோடு பேசாமல் தன் பையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டினான். சட்டை, சீப்பு, டிபன் டப்பா.

“டப்பாவையும் தொறடா.”

“உன் மூக்குக்கு அதுவும் தெரியணுமா?” என்றான். கோபம் பாதி போயிருந்தது.

அடுத்த வருடப் பறவைக் கணக்கெடுப்புக்கு அக்கா லீவு போட்டுக்கொண்டு போனாள், கணவரையும் இழுத்துக்கொண்டு. மனிதர் வழியெல்லாம் வாந்தியெடுத்தார். கரையில் ஒரு நடைக்கோழி மூன்று குஞ்சுகளோடு அவர் காலடியில் குறுக்கே நடந்தபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றார்.

“இது இவ்ளோண்டுதானா?” என்றார் மெதுவாக.

“இவ்ளோண்டுதான்” என்று சொல்லிவிட்டு அவள் நோட்டில் நாலு என்று எழுதினாள்.