நான் சாகடித்த பேயைப் பார்க்கப் போன கதை

பேய்ப்படங்களிலும் விஞ்ஞானப் படங்களிலும் நடித்தவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது என் கிறுக்கு. நாயகன், நாயகி பக்கமே போக மாட்டேன். இதுவரை நான்கு பேய்கள், ஒரு ரத்தக்காட்டேரி, தகரப் பெட்டிக்குள் நின்று ரோபோவாக நடித்த ஒரு தபால்காரர் என்று பார்த்தாயிற்று. கரூரில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். லீவு நாளெல்லாம் இதற்கே போய்விடுகிறது.

இந்தப் பயணம் மட்டும் ஆசைப்பட்டுப் போனதல்ல. செய்த தப்புக்காகப் போனது.

ஒரு பழைய படம். பேய்ப்படமா விஞ்ஞானப் படமா என்று எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது. செத்துப்போன ஒருவனுக்கு உடம்பு முழுக்கக் கட்டுத்துணி சுற்றி, மின்னலைப் பாய்ச்சி எழுப்புவார் ஒரு மருத்துவர். எழுந்தவன் கொட்டும் மழையில் இடது காலை இழுத்து இழுத்து நடந்து வருவான். ஏழு வயதில் அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். அந்தத் துணிக்குள் இருந்தவர் பெயர் குருசாமி. ஆவணி மாதம் அவர் இறந்துவிட்டதாக ஒரு ரசிகர் குழுவில் செய்தி வந்தது. அழுதுகொண்டே நான்கு பக்கம் அஞ்சலி எழுதி இந்த வலைப்பூவில் போட்டேன். மூன்றாம் நாள் ஒரு பின்னூட்டம்: "நான் அவர் மகள் செல்வி. அப்பா இப்பத்தான் டீ குடிச்சிட்டுத் தறிக்குப் போனாங்க."

இறந்தது அதே பெயரில் இருந்த ஒரு சண்டைக் கலைஞர். பதிவை எடுத்துவிட்டு செல்வியிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்கு? அப்பாட்ட நேர்ல வந்து சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். அவரிடம் மன்னிப்பு வாங்காமல் இங்கே இன்னொரு வரி எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

புரட்டாசி சனிக்கிழமை காலை 4.30க்குக் கரூரில் பஸ் ஏறினேன். 7.40க்கு மதுரை ஆரப்பாளையம். அங்கிருந்து மாட்டுத்தாவணி போய் 8.30க்கு அடுத்த பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை 75 கிலோமீட்டர், 80 ரூபாய். புரட்டாசி சனிக்கிழமையில் அந்தப் பக்கம் போகிறோமே என்று யோசிக்காதது என் புத்திசாலித்தனம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றின் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனேன். வழியெல்லாம் துளசி மணம் வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

10.50க்கு இறங்கி ஆண்டாள் கோயில் கோபுரத்தைத் தெருவில் நின்றே கும்பிட்டுவிட்டு, அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன், 190 ரூபாய். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கப் போக மனசு வரவில்லை. ராஜபாளையம் 11 கிலோமீட்டர், தென்காசி பஸ்ஸில் 25 நிமிடம். அங்கிருந்து சத்திரப்பட்டி சாலையில் 9 கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் 220 ரூபாய் கேட்டார். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

"குருசாமி அண்ணாச்சி வீட்டுக்கா? அவிய செத்துட்டாவன்னு எவனோ ஒரு கிறுக்கன் நெட்டுல எழுதிப்புட்டான்க்கா. கையில கெடைச்சான்னா..." என்றார்.

கிறுக்கனில்லை, கிறுக்கி என்று திருத்தத் தைரியம் வரவில்லை. பால்கோவா டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஊரில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். குருசாமி ஐயாவின் கூடத்தில் எட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. எழுபதைத் தாண்டியவர், வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். செல்வி என்னைக் காட்டியதும் நான் சொல்லத் தொடங்கியது சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. டப்பாவை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னார். "எனக்குச் சர்க்கரை. எழுதிக் கொன்ன, ஆளு சாகலைன்னு தெரிஞ்சதும் பால்கோவாவோட வந்துருக்க, என்ன?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"சேத்தூர்ல இருந்து என் மச்சான் மாலையோட பஸ் ஏறி வந்துட்டாரு. கதவைத் தொறந்தது நான். மனுசன் அப்படியே வாசல்ல உக்காந்துட்டாரு. சரி, எழுதுனதைக் கொண்டாந்திருக்கியா?"

போனில் இருந்தது.

"தறியை நிப்பாட்டுங்க எல்லாரும்!" எட்டுத் தறியும் ஒவ்வொன்றாக நின்றன. "நான் சினிமால நடிச்சேன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாக. வாசிம்மா, கேக்கட்டும்."

உயிரோடு இருப்பவர் முன்னால் அவர் அஞ்சலியை வாசிப்பதைவிடப் பெரிய தண்டனையை எவராலும் யோசிக்க முடியாது. வாசித்தேன். 'அந்த நடை, செத்தவன் மறுபடி நடக்கப் பழகும் வேதனை' என்ற இடம் வந்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"வேதனையாவது! படத்துக்குத் துணி குடுக்கப் போனவன் நான். கட்டுப் போட்டதும் மூச்சு முட்டுதுன்னு பேயா நடிக்க வந்த நடிகரு ஓடிட்டாரு, என்னையச் சுத்துனாக. தண்ணியை உறிஞ்சுறதுக்குன்னே வெளுத்த துணி. மழைல நனைஞ்சதும் எம்புட்டுக் கனம்! காலைத் தூக்க முடியல, இழுத்தேன். அம்புட்டுத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருடமாக அதை நடிப்பு என்று ஊரெல்லாம் சொல்லி வந்த நானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன்.

தறி ஓட்டும் முத்துமாரி மட்டும் விடவில்லை. "அண்ணாச்சி, ஒருக்கா நடந்துதான் காட்டுங்களேன்."

"போ, உனக்கு வேலையில்ல" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, தறிகளுக்கு நடுவே கோடிக்குப் போய்த் திரும்பினார்.

துணி இல்லை, மழை இல்லை, பட்டப்பகல். தலை லேசாகச் சாய்ந்தது. இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. கண் எங்களைப் பார்த்தது, ஆனால் எங்களைத் தெரியாத கண். எனக்கு ஏழு வயதுக் காய்ச்சல் திரும்பி வந்த மாதிரி உடம்பு சில்லிட்டது. யாரும் சிரிக்கவில்லை. செல்வி என் கையைப் பிடித்திருந்தார்.

"இம்புட்டு நாளும் துணின்னுல்ல சொன்னிய" என்றார் முத்துமாரி மெதுவாக.

அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "தறியைப் போடுங்க" என்றார்.

சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். பால்கோவாவைத் தறிக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். 3.15க்கு ராஜபாளையம் திரும்பினேன், ஊர் வந்து சேர இரவாகிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: புரட்டாசி சனிக்கிழமை வேண்டாம். முன்கூட்டிப் போன் செய்துவிட்டுப் போங்கள். சர்க்கரை உண்டா என்று கேட்டுவிட்டு இனிப்பு வாங்குங்கள். யாரைப் பற்றியாவது நல்லதாக எழுதத் தோன்றினால், அவர் வாசிக்கிற மாதிரி இப்போதே எழுதிவிடுங்கள். எனக்கு அது, நான் செய்த தப்பாலும் பெரியவர் ஒருவரின் பெருந்தன்மையாலும் வாய்த்தது. அந்த நன்றி எனக்கு என்றைக்கும் இருக்கும்.

ஆட்டோ ஏறும்போது மன்னிச்சுட்டீங்களா ஐயா என்று கேட்டேன். "அந்தக் கட்டுரையை அழிச்சுப்புடாத. நல்லாத்தான் எழுதியிருக்க, பத்திரமா வையி. செத்த தேதியை மட்டும் எடுத்துரு, பொறவு தேவைப்படும்" என்றார்.

எடுத்துவிட்டேன். நடையைப் பற்றி எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. தேதி இருந்த இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப எனக்கு எந்த அவசரமும் இல்லை.