மாலை போட்ட மெயின்

மாடியில் சோலார் ஏறிய நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நகரியில் எங்கள் விசைத்தறிகள் பகலில் அதில்தான் ஓடுகின்றன. மிஞ்சும் கரண்ட் தெரு லைனுக்குப் போகும். லைன் நின்றால் சோலாரும் தானாக நின்றுவிடும், கம்பத்தில் ஏறுகிறவனுக்கு ஆபத்தில்லை என்று மாட்டியவர்கள் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு அது போதவில்லை. கரண்ட் போனாலும் விளக்கு எரியவேண்டும் என்று தனியாக ஒரு பேட்டரிப் பெட்டியும் வாங்கி வைத்தார். அதைப் போடுமுன் மெயின் சுவிட்சை இறக்கவேண்டும். மறந்தால் வீட்டுக் கரண்ட் கம்பத்துக்குத் திரும்பிப் போகும். எங்கள் தெருவுக்கு லைன்மேன் என் கூடப்பிறந்த தம்பி. படித்துப் படித்துச் சொன்னவனும் அவன்தான்.

ஆயுத பூஜை அன்று காலை, கம்பத்தில் எங்கள் வீட்டு ஒயர் மூட்டுக் கருகிப் புகைந்தது. போன் போட்டேன். தம்பி வந்து டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பத்தில் ஏறினான். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். தறிக்கூடத்தில் சாமி படத்தைச் சுற்றி அணைந்துகிடந்த சீரியல் பல்பு மறுபடி பளிச்சென்று எரிந்தது.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பேட்டரி ஓடுகிறது, மெயின் இறக்காமல் அப்படியே நிற்கிறது, குங்குமப் பொட்டும் சாமந்தி மாலையுமாக.

"பொட்டு வெச்ச மெயினு. இன்னிக்கு எறக்கக் கூடாது," என்றார் பேட்டரியைப் போட்டுவிட்டு நின்ற வீட்டுக்காரர்.

எங்கள் தெரு வழக்கம் அது. பொட்டு வைத்ததை மறுநாள் வரை தொடமாட்டோம், தறியானாலும் கத்தரிக்கோலானாலும். லைன் நின்றால் எல்லாம் தானாக நின்றுவிடுமே என்று சமாதானம் வேறு சொன்னார். சோலார் நிற்கும், உன் பேட்டரி எங்கே நிற்கும்? பாழாய்ப்போன மனுஷன். பிடித்துத் தள்ளிவிட்டு, மாலையோடு சேர்த்து மெயினை இழுத்து இறக்கினேன். வாசலுக்கு ஓடி, இறங்குடா என்று கத்தினேன்.

தம்பி இறங்கி வந்தான். நடந்ததைச் சொன்னேன். மாமாவைக் கிழித்துத் தோரணம் கட்டுவான் என்று பார்த்தேன். கட்டவேண்டும் என்றும் நினைத்தேன். அவன் கையிலிருந்த, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த ஊடானாலும் இத்த வெச்சுப் பாத்துட்டுத்தான் ஒயரத் தொடுவேன்," என்றான். "இன்னிக்குப் பாக்கலக்கா. அக்கா ஊடுதானேன்னு கைய நீட்டிக்கினு இருந்தேன்."