பந்துக்கு ஆறு வாரம்

வீட்டில் அவளுக்குப் பந்து என்று பெயர். வைத்தவன் அண்ணன். ஐந்து வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்தவள், அழாமல் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு நின்றாளாம். ரப்பர் பந்துடா இது என்று அவன் சிரித்தான். அன்றைக்கே அவள் ஓவென்று அழுது தொலைத்திருக்கலாம். பிற்பாடு பட்ட பாடு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

அதற்கப்புறம் எது வந்தாலும் அவள் தலையில்தான் கட்டினார்கள். அப்பா இறந்துபோன ஆறாம் நாள் வேலைக்குக் கிளம்பினாள். அம்மா படுத்த படுக்கையான இரண்டு வருஷமும் தூக்கி உட்காரவைத்தது, துடைத்துவிட்டது எல்லாம் அவள்தான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவான், கட்டிலைச் சுற்றிப் பார்ப்பான், "உனக்கென்ன, நீ எழுந்துடுவே" என்று முதுகில் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டுவான். கணவருக்கும் அதே பாட்டு. நாத்தனாருக்கும் அதே பாட்டு. கூட ஒரு கை பிடிக்க வேண்டிய நேரத்தில் எல்லாரும் அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நழுவினார்கள். நல்ல சொல்தான். யார் வாயிலிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்பதில்தான் எரிச்சல்.

அவள் வேலை பார்ப்பது மெத்தைத் தொழிற்சாலையில். ஃபோம் துண்டின் மேல் இரும்பு எடையை வைத்து எடுத்து, அமுங்கிய இடம் எத்தனை நொடியில் மேலே வருகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறிப்பாள். அதற்கு முன்னால் ஒரு கட்டாய விதி உண்டு. மிஷினிலிருந்து வந்த புது ஃபோம் பிளாக்குக்கு உள்ளே சூடு இருக்கும். ஒரு முழு நாள் அது தனியாகக் கிடக்க வேண்டும். மேலே எதையாவது அடுக்கினால் குழி விழும், விழுந்த குழி எழாது. அதனால் ஒவ்வொரு பிளாக்கிலும் 'நாளைவரை தொடாதே' என்று ஒரு சிவப்பு அட்டை தொங்கும். இருபது வருஷமாக அந்த அட்டைக்குக் காவல் அவள். மேனேஜரே வந்தாலும் கையைத் தட்டிவிடுவாள்.

போன வருஷ ஆண்டு விழாவில் அவளுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். 'மீண்டெழும் பெண்மணி' என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது. இதற்குப் பதில் சோதனை அறைக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்று அவள் மைக்கிலேயே கேட்டாள். ஜோக் என்று நினைத்துக் கைதட்டினார்கள். இன்னும் நின்றுகொண்டுதான் வேலை.

இந்த வருஷம் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆறு வாரம் குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, உள்தையல் பிரிந்தால் மறுபடி வெட்ட வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொன்னபோது கணவர் பக்கத்தில்தான் இருந்தார். தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். பன்னிரண்டாம் நாளே ஊறவைத்த துணி வாளி அவள் கண்ணில் படும் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. நாத்தனார் போனில், தன் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே எழுந்து சமைத்த கதையை இரண்டாவது தடவையாகச் சொன்னாள்.

பதினாறாம் நாள் சாயங்காலம் தொழிற்சாலை சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். பெரிய ஆர்டராம், இடம் போதவில்லையாம், அட்டையைக் கழற்றிவிட்டுப் புது பிளாக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்களாம். பதினாலு பிளாக் குழி விழுந்து கிடக்கிறது. எது தேறும், எது தேறாது என்று பார்க்க அவளை விட்டால் ஆளில்லை. நாளைக் காலையில் இரண்டே மணி நேரம் வந்து புரட்டிப் பார்த்தால் போதும் என்றார்.

"நீங்க எழுந்துடுவீங்கக்கா. உங்களைத் தெரியாதா எனக்கு?"

கணவர் உள்ளே போய் அவள் செருப்பை எடுத்து வந்து, துடைத்து, காலைக்குத் தயாராக வாசல் பக்கம் வைத்தார். இந்தப் பதினாறு நாளில் அவளுக்காக அவர் தானாக எடுத்து வந்த முதல் பொருள் அது.

"தம்பி, அந்த பிளாக்கெல்லாம் நல்ல சரக்குதானே?" என்று கேட்டாள்.

"முதல் தரம்க்கா."

"அப்புறம் ஏன் எழலே?"

"சூடு ஆறறதுக்குள்ள மேல மேல ஏத்திட்டாங்க..." சூப்பர்வைசர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நானும் எழுந்துடுவேன். இல்லேன்னு யார் சொன்னா? மேல ஏத்தி வெச்சிருக்கறதை முதல்ல இறக்குங்க. இன்னும் நாலு வாரம் பாக்கி இருக்கு. அதுல ஒரு நாள்கூடத் தர மாட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் சூப்பர்வைசரைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தாள். சூப்பர்வைசர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கணவர் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, துணி வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

அவள் கட்டிலில் சாய்ந்தாள். திறந்திருந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. சோப்பு போகாத புடவையைச் சுருட்டி, தன் சட்டையெல்லாம் நனைய, அவர் முறுக்கிக்கொண்டிருந்தார். இப்படியா பிழிவாங்க, இப்படிக் கொடுங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். எழவில்லை.