புலிக்குக் கட்டிய சோறு

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட எமர்ஜென்சி சமயத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாதென்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களின் வாளியைக்கூட வாசலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.

அப்போது என் வீட்டுக்காரர் பால் வெட்டும் மர நிரையில் புலித்தடம் கிடந்தது. அப்படிக் கண்டால் காட்டோரத்து மரத்தடியில் முனிக்குப் படையல் வைப்பது எங்கள் வழக்கம். முனி புலியாக வந்து, மனுஷனாக மாறிச் சாப்பிடும். பிறகு யாரையும் தொடாது. அவர் சோற்றையும் சுருட்டையும் இலையில் கட்டினார்.

"பிடிச்சிட்டா என்ன செய்வீங்க?"

"சாமிக்கு வைக்கிறது லா. நீ எதுக்குத்தான் பயப்படல?"

வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். யாருக்கு இந்தச் சோறு என்று வெள்ளைக்கார அதிகாரி கேட்க, இவர் உள்ளதைச் சொன்னார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அப்படியே இங்கிலீசில் சொன்னார். காட்டிலிருந்து மனுஷன் வந்து சாப்பிடுவான் என்பது மட்டும்தான் அதிகாரிக்கு வேண்டியிருந்தது.

தோட்டத்திலேயே வளர்ந்து தமிழ் பேசும் மலாய் காவல்காரர் பிறகு என்னிடம் வந்தார். "எங்க மலாய்க்காரங்க ஊரு, கம்பத்துலயும் வைப்போம் அக்கா. அங்கயும் புலிதான் மனுஷனா வரும். நான் அந்த வெள்ளைக்கார துவான்கிட்ட சொன்னா என்னையும் உள்ள போட்டுருவாரு."

பக்கத்து ஊரான ஜாசினில் மளிகைக் கடை வைத்திருந்த சீனத்தி அம்மாவிடம் அழுதேன். அவர்கள் ஊரில் ஆற்று டிராகன் கிழவனாகக் கரையேறுமாம். அதற்கும் சோறு வைப்பார்களாம்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். மூன்று சனமும் பேசி வைத்துக்கொள்ளாமல் எப்படி ஒரே கதையைச் சொன்னார்கள் என்று படித்தவர்களுக்குத் தெரியலாம். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: வெறும் மிருகத்திடம் யாரும் கெஞ்ச முடியாது. உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான் என்று நினைத்தால் சோறு வைக்கலாம், வேண்டிக்கொள்ளலாம். பயந்தவர்களுக்கு அது போதும்.

வீட்டுக்காரரை விடச் சொல்லி ஜாசின் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தேன். அந்த அதிகாரி கெட்டவரில்லை. உட்கார நாற்காலி போடச் சொன்னார், நான் கெஞ்சி முடிக்கும்வரை கேட்டார், பிறகு கையைக் காட்டி அனுப்பினார்.

ஒரு நாள் கிராணி நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து, என் வீட்டுக்காரரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார். அவர் பிறந்தது இதே தோட்டத்தில். அங்கே எந்த ஊருக்குக் கடிதம் போடுவது என்று கிராணிக்கும் தெரியவில்லை.